விலை உயர்ந்த கைப்பேசி ஏன் விற்கிறது? மதுரையை முன்வைத்துச் சில குறிப்புகள்

மதுரை விளக்குத்தூணை ஒட்டிய துணிக்கடை ஒன்றில் விற்பனையாளராகப் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எனக்கு நெருங்கிய உறவினர். அவருடைய மாத ஊதியம் 14,000 ரூபாய். சென்ற ஆண்டு அவர் 48,000 ரூபாய் விலையுள்ள கைப்பேசி ஒன்றைப் பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கினார். வீட்டில் ஓய்வுபெற்ற தந்தையும் மணம் பேசப்படும் நிலையில் தங்கையும் இருக்க, ஊதியத்தில் நாலாயிரம் ரூபாய் மாதந்தோறும் ஒரு கைப்பேசிக்குப் போவதைப் பொறுக்கமாட்டாத தந்தை, மகனுக்குப் புத்தி சொல்லுமாறு என்னை அழைத்தார். நானும் சென்றேன். பத்தாயிரம் ரூபாய்க்கு நல்ல கைப்பேசி கிடைக்கும்போது இது எதற்கு என்று கேட்டேன். அவர் சற்றும் தயங்காமல், "மாமா, சட்டையையும் செருப்பையும் பாத்து இப்ப யாரு மதிக்கிறா? கையில என்ன இருக்குன்னுதான் பாக்குறாங்க" என்றார்.

இதற்கு நம்மிடம் ஆயத்தமான விடையொன்று உண்டு. ஆடம்பரம், வீண்விரயம், இஸ்ராஃப் என்று சொல்லி முடித்துவிடலாம். வெள்ளிக்கிழமை மிம்பர்களிலிருந்து இளைஞர்களை நோக்கி அவ்வாறுதான் பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நானும் அன்று அப்படியே சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் திரும்பும் வழியில் பெரியார் பேருந்து நிலையத்திற்கு அருகே மீனாட்சி பஜாரின் பழுதுபார்க்கும் கடைகளைக் கடந்தபோது, அந்த விடை போதாது என்று தோன்றியது. ஆயிரக்கணக்கானோர் ஒரே திசையில் செலவு செய்கிறார்கள் என்றால், அவர்கள் அனைவரையும் அறிவிழந்தவர்கள் என்று கருதுவதைவிட, அவர்களை அத்திசையில் செலுத்துவது எது என்று ஆராய்வதே முறையாகும்.

மலிவின் மீதான ஐயம்

இந்தியாவில் கைப்பேசி தொடக்கத்திலேயே செல்வர் வீட்டுப் பொருளாகத்தான் வந்தது. 1995ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து ஜோதிபாசு, தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல். அக்காலத்தில் வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. மணி அடித்தால் எடுக்காமல், அருகிலுள்ள தொலைபேசிக் கடைக்கு ஓடித் திருப்பி அழைத்தவர்கள் உண்டு. 2003இல் வரும் அழைப்புகள் இலவசமாயின. அதே ஆண்டில் ரிலையன்ஸ் நிறுவனம் 501 ரூபாய் முன்பணத்திற்குக் கைப்பேசி தந்தது. நோக்கியா 1100 வெளிவந்ததும் அவ்வாண்டில்தான். தலையில் சிறு விளக்கு, தூசி புகாத விசைப்பலகை, நாட்கணக்கில் நிற்கும் மின்கலம் ஆகியவற்றுடன் வந்த அக்கருவி, உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. உசிலம்பட்டி, மேலூர் பக்கத்து வயல்களில் இரவில் தண்ணீர் பாய்ச்சப் போனவர்களின் கையில் அது பேச்சுக்கருவியாக இருந்ததைவிட டார்ச் விளக்காக இருந்த நேரமே அதிகம் எனலாம்.

அதன்பின் "சைனா செட்" வந்தது. இரண்டு சிம், தெருவே அதிரும் ஒலிபெருக்கி, தொலைக்காட்சி அலைவாங்கி என எல்லாம் மூவாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தன. வாங்கியவர்கள் பட்டதும் அதிகம். 2009 டிசம்பர் முதல், ஐ.எம்.இ.ஐ. என்னும் அடையாள எண் இல்லாத கைப்பேசிகளுக்கு இணைப்பு துண்டிக்கப்படும் என அரசு ஆணையிட்டபோது, நல்ல நிலையில் இருந்த கருவிகளும் ஒரே நாளில் வெறும் பிளாஸ்டிக் ஆயின. 2016 பிப்ரவரியில் நொய்டாவைச் சேர்ந்த ரிங்கிங் பெல்ஸ் என்னும் நிறுவனம் 251 ரூபாய்க்குத் திறன்பேசி தருவதாக அறிவித்ததும், முன்பதிவு செய்ய மக்கள் முண்டியடித்து அதன் இணையதளமே முடங்கியதும், பதிவு செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கைக்கு எதுவும் வந்து சேராததும் பலருக்கு நினைவிருக்கும்.

இவை தனித்தனிச் செய்திகளாகத் தோன்றினும், மக்கள் மனத்தில் ஒரே பாடமாகப் படிந்தன. தான் வாங்கும் பொருளின் தரத்தை வாங்குபவன் தானே சோதித்தறிய இயலாதபோது, விலையையே தரத்தின் அடையாளமாகக் கொள்கிறான் என்பதைத் திபோர் சிதோவ்ஸ்கி என்னும் பொருளியலறிஞர் 1944ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் விளக்கினார். கத்தரிக்காயை முறித்துப் பார்க்கலாம். சுங்குடிச் சேலையின் முடிச்சை விரலால் தடவிப் பார்க்கலாம். கைப்பேசியின் உள்ளிருக்கும் சில்லையும் மின்கலத்தையும் அவ்வாறு பார்க்க இயலாது. 1970இல் ஜார்ஜ் அகர்லாஃப் இதை இன்னும் ஓர் அடி முன்னெடுத்துச் சென்றார். பழைய கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, பொருளின் குறை விற்பவனுக்கு மட்டுமே தெரிந்திருக்கும் சந்தையில் நல்ல பொருளை விற்பவர்கள் மெல்ல விலகிக்கொள்வார்கள் என்றும், எஞ்சுவது பழுதான பொருளே என்றும் காட்டினார். 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். சரக்கின் குறையை மறைத்து விற்பதை நமது ஃபிக்ஹு நூல்கள் இத்தனை கடுமையாகத் தடுப்பதும், குறை வெளிப்பட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமையைக் கியாருல் ஐப் என்ற தலைப்பில் தனியே ஆய்வதும் இந்த இடர்ப்பாட்டை முன்னிட்டே. அந்த உரிமை நடைமுறையில் இல்லாத சந்தையில், ஏழை தனக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பைத் தேடுகிறான். பெயர் பெற்ற நிறுவனத்தின் விலை உயர்ந்த பொருளை வாங்கிவிடுகிறான்.

கருவி வாழ்வாதாரமானது

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ தொடங்கியதும் இணையம் ஏறக்குறைய இலவசமாயிற்று. யு.பி.ஐ. பணப்பரிமாற்றம் நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். நவம்பரில் பணமதிப்பிழப்பும் வந்து சேர்ந்தது. அதற்குப் பின் கைப்பேசி என்பது பேசும் கருவி மட்டுமன்று. அதுவே பணப்பை, வங்கி, கணக்குப் புத்தகம், கடைப்பலகை. திருமங்கலம் பக்கத்து மல்லிகை விவசாயி காலையில் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் விலையை வாட்ஸ்அப்பில் அறிகிறார். முகூர்த்த நாள்களில் கிலோ மல்லிகை சில நூறுகளிலிருந்து சில ஆயிரங்களுக்குத் தாவும். ஒரு மணி நேரம் தாமதமாக அறிந்தாலும் இழப்பு அவருக்கே. உணவு கொண்டுசேர்க்கும் இளைஞனுக்கோ கைப்பேசி நின்றால் அன்றைய வருமானமே நின்றது. 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது, வகுப்பறையும் அதற்குள்ளேயே அடங்கியது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகள் மகபூப்பாளையத்திலும் கோரிப்பாளையத்திலும் எத்தனையோ.

இந்நிலையில் மலிவான கருவியின் உண்மையான குறை எதுவெனில், அது விரைவில் முதுமையடைவது. நினைவகம் நிரம்புகிறது, புதிய செயலிகளின் சுமையைத் தாங்காது தடுமாறுகிறது, மென்பொருள் மேம்பாடு ஓரிரண்டு ஆண்டுகளில் நின்றுவிடுகிறது. மேம்பாடு நின்ற கருவியில் வங்கிச் செயலியை வைத்திருப்பது, தாழ்ப்பாள் இற்றுப்போன கதவுக்குள் நகைப்பெட்டியை வைப்பது போன்றது. இதற்கு மாறாக, 2015இல் வெளியான ஐஃபோன் 6எஸ் கருவிக்கு 2021இல் வெளியான இயங்குதளமும் கிடைத்தது. கூகுள் 2023இல் பிக்சல் 8 கருவிக்கும், சாம்சங் 2024இல் கேலக்ஸி எஸ்24 வரிசைக்கும் ஏழாண்டு மேம்பாட்டை உறுதியளித்தன. பழைய கருவியை விற்கும்போது கிடைக்கும் விலையும் இதனாலேயே நிலைக்கிறது.

அப்படியானால் விலை உயர்ந்ததே முடிவில் மலிவு என்று கொள்ளலாமா? கடைக்காரர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கணக்கிட்டுப் பார்ப்போம், எண்கள் எடுத்துக்காட்டுக்கானவை. 15,000 ரூபாய்க்கு வாங்கிய கருவி மூன்றாண்டு உழைத்து 2,000 ரூபாய்க்கு விலைபோனால், மாதச் செலவு ஏறக்குறைய 360 ரூபாய். 60,000 ரூபாய்க்கு வாங்கியது ஐந்தாண்டு உழைத்து 15,000 ரூபாய்க்கு விலைபோனாலும் மாதம் 750 ரூபாய் ஆகிறது. விலை நான்கு மடங்கு. செலவோ இரு மடங்கு. கடைக்காரரின் கூற்றில் பாதி உண்மையுண்டு, முழு உண்மை இல்லை. அதே உயர்ந்த கருவியை இரண்டாண்டு பழையதாக 30,000 ரூபாய்க்கு வாங்கி, மூன்றாண்டு கழித்து 12,000 ரூபாய்க்கு விற்பவருக்கு மாதம் 500 ரூபாயே ஆகிறது. ஆயினும் பழைய கருவிக்கு அகர்லாஃப் கூறிய அச்சம் குறுக்கே நிற்கிறது. திரையின் "காம்போ" மாற்றப்பட்டதா, மாற்றியது அசலா நகலா என்பதைச் சொல்ல, மீனாட்சி பஜாரில் பழகிய கண் வேண்டும்.

இமாம் ஷாத்திபீ (ரஹ்) அவர்கள் தமது அல்முவாஃபகாத் நூலில் மனிதத் தேவைகளை ளரூரிய்யாத், ஹாஜிய்யாத், தஹ்ஸீனிய்யாத் என மூன்று படிகளாக விளக்கியிருப்பதை நாம் அறிவோம். இவற்றின்றி வாழ்வே குலையும் என்பவை முதற்படி. இவையின்றேல் இடர்ப்பாடு மிகும் என்பவை இரண்டாம் படி. அழகும் நயமும் சேர்ப்பவை மூன்றாம் படி. ஒரு பொருள் எப்படியில் நிற்கிறது என்பது காலத்தோடு மாறுவது. 1995இல் தஹ்ஸீனிய்யாத்தில் இருந்த கைப்பேசி இன்று ஹாஜிய்யாத்தில் ஐயமின்றி நிற்கிறது. உணவு கொண்டுசேர்க்கும் இளைஞனுக்கு அதற்கும் மேலே. எனவே "கைப்பேசி தேவையா" என்ற வினா காலங்கடந்தது. எந்த விலைக்கு மேல் அது மூன்றாம் படிக்கு ஏறுகிறது என்பதே இன்றைய வினா. அவ்வெல்லை பூ விவசாயிக்கும் புகைப்படம் எடுத்துப் பிழைப்பவருக்கும் துணிக்கடை விற்பனையாளருக்கும் ஒன்றாக இராது.

கையில் இருப்பதைப் பார்ப்பவர்கள்

உறவினர் சொன்ன காரணத்திற்கு வருவோம். அவர் மின்கலத்தையோ மென்பொருளையோ குறிப்பிடவில்லை, மதிப்பைக் குறிப்பிட்டார். தார்ஸ்டீன் வெப்லென் 1899இல் ஓய்வுடைய வர்க்கம் பற்றி எழுதிய நூலில், பிறர் காணவேண்டும் என்பதற்காகவே செய்யப்படும் நுகர்வைப் பற்றி விரிவாகப் பேசினார். ஹார்வி லைபென்ஸ்டைன் 1950இல் இதை மூன்றாகப் பகுத்தார். பலர் வாங்குவதால் நாமும் வாங்குவது ஒன்று; பலர் வாங்கிவிட்டார்கள் என்பதால் நாம் விலகுவது மற்றொன்று; விலை கூடுதலாக இருப்பதாலேயே வாங்குவது மூன்றாவது. மதுரையில் இம்மூன்றையும் ஒரே தெருவில் பார்க்கலாம்.

இவர்களுக்கெல்லாம் ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே இப்னு கல்தூன் தமது முகத்திமாவில், தோற்றவர் தம்மை வென்றவரின் உடையையும் சின்னங்களையும் பழக்கவழக்கங்களையும் பின்பற்ற எப்போதும் விழைவர் என்று எழுதினார். வென்றவரின் வெற்றிக்கு அவருடைய பண்புகளும் புறச்சின்னங்களுமே காரணம் என அவர்கள் தவறாகக் கருதிக்கொள்வதை அதற்குரிய காரணமாகவும் சுட்டினார். 1377இல் எழுதப்பட்ட இக்கூற்றை நமது கடந்த அரைநூற்றாண்டின் மீது வைத்துப் பார்க்கத் தகும். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் திரும்பியோர் கையில் முதலில் சீக்கோ கடிகாரம் இருந்தது, பின் நேஷனல் பானசோனிக் டேப்ரிக்கார்டர், இப்போது கைப்பேசி. 2013இல் மதுரையிலிருந்து துபாய்க்கு நேரடி விமானம் தொடங்கிய பின், ஊர் திரும்புபவரிடம் அத்தர் கேட்டவர்கள் கைப்பேசி கேட்கத் தொடங்கினர். 2018 முதல் இறக்குமதிக் கைப்பேசிக்கு 20 விழுக்காடு சுங்கவரி இருந்ததும் (2024இல் அது 15 ஆகக் குறைந்தது), 2020இல் சரக்கு சேவை வரி 12இலிருந்து 18 விழுக்காடு ஆனதும் இவ்வேண்டுகோளுக்கு வலுச்சேர்த்தன.

ஆனால் கடிகாரத்திற்கும் கைப்பேசிக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதை நான் மெதுவாகத்தான் உணர்ந்தேன். செல்வருடைய வீட்டையோ காரையோ 14,000 ரூபாய் ஊதியக்காரர் கனவிலும் வாங்க இயலாது. கே.கே. நகரில் ஒரு மனை அவருடைய வாழ்நாள் ஊதியத்திற்கும் அடங்காது. ஆனால் கோடீசுவரர் கையிலிருக்கும் அதே கைப்பேசியை, அச்சு அசலாக அதையே, அவரும் வைத்திருக்க முடியும். செல்வம் உண்டாக்கிய இடைவெளிகளில் ஓர் ஊதியக்காரர் தவணை கட்டித் தாண்டக்கூடிய இடைவெளி இது ஒன்றுதான். முகவரியையும் பெயரையும் கேட்டதும் வீட்டு வாடகைப் பேச்சு திசைமாறும் ஊரில், வாய் திறக்கும் முன்னரே தனக்காகப் பேசும் ஒரு பொருளை இளைஞர் கையில் பிடித்துக்கொள்வதை ஆடம்பரம் என்ற ஒரு சொல்லால் அளந்துவிட முடியாது.

இதன் மறுபக்கத்தை டாட்டா நானோ கார் காட்டிற்று. 2009இல் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய்க்கு வந்த அக்கார் உலகின் மிக மலிவான கார் என்று பெயர் பெற்றது; அப்பெயரே அதை வீழ்த்திற்று. மலிவு என்ற அடையாளத்தை முன்னிறுத்தியது தவறு என்று ரத்தன் டாட்டாவே பின்னர் ஒப்புக்கொண்டார். மலிவானதை வாங்க மக்கள் அணியமாக இருக்கிறார்கள். மலிவானதை வாங்கியவர் என்று அறியப்படத்தான் அணியமாக இல்லை.

பவுச் விற்கும் கடையில் ஒரு நுட்பத்தைக் கண்டேன். விலை உயர்ந்த கைப்பேசி வாங்கியவர் அது உடைந்துவிடும் என்று அஞ்சி உடனே நூறு ரூபாய் உறைக்குள் அதை ஒளித்துவிடுகிறார். ஆனால் உறையின் பின்புறம், நிறுவனத்தின் சின்னம் மட்டும் தெரியும்படி ஒரு வட்டத் துளை இருக்கிறது.

சின்னம் யாருடையதோ, அதைக் கோத்தவை நமது கைகள் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். 2006 முதல் 2014 வரை திருப்பெரும்புதூரில் நோக்கியாவின் ஆலை இயங்கியது. அதன் பின் அதே வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன்கள் கோக்கப்படலாயின. தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து சென்று விடுதிகளில் தங்கி உழைப்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றதால் அவர்கள் நெடுஞ்சாலையை மறித்தனர்; ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதியை அரசு திறந்தது. அப்பெண்களில் எத்தனைபேர் தாம் கோத்த கருவியைத் தவணையில் வாங்கியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு.

தவணையின் உட்கூறு

மேற்சொன்ன காரணங்கள் யாவும் விருப்பத்தை விளக்குகின்றன. விருப்பம் விற்பனையாக மாறுவதற்கு வேறொன்று வேண்டும். 2008 ஆகஸ்டில் ஐஃபோன் 3ஜி இந்தியாவுக்கு வந்தபோது அதன் விலை 31,000 ரூபாய். அமெரிக்காவில் அதே கருவி, ஈராண்டு இணைப்பு ஒப்பந்தத்தோடு 199 டாலர். அங்கே எஞ்சிய விலை மாதக்கட்டணத்துக்குள் மறைந்திருந்தது. இங்கே முழு விலையும் கண்முன் நின்றது. ஆகவே இங்கே விற்பனை மந்தமாயிற்று. அந்த மறைப்பை நமக்குப் பின்னாளில் செய்துகொடுத்தவை தவணைக் கடன் நிறுவனங்கள். 48,000 என்பது அச்சுறுத்தும் எண், 4,000 அப்படியன்று. இன்று டவுன்ஹால் ரோட்டில் கைப்பேசியின் விலையைக் கேட்டால் பல கடைகளில் முதலில் சொல்லப்படுவது மாதத் தொகையே.

"வட்டியில்லாத் தவணை" என்ற அறிவிப்பு நமக்குத் தனிக் கவர்ச்சியுடையது. வட்டியை அஞ்சும் வாடிக்கையாளரிடம் அச்சொல்லைக் கூறி நிம்மதியூட்டும் விற்பனையாளர்களைக் கண்டிருக்கிறேன். ஆனால் சுழிய வட்டி என்ற ஒன்று உண்மையில் இல்லை என்றும், வாடிக்கையாளரை ஈர்க்கும் பொருட்டு வட்டி வேறு கட்டணங்களின் வடிவில் மறைக்கப்படுகிறது என்றும் இந்திய ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் கூறிவிட்டது. அதன் பொறி எளிது. 48,000 ரூபாய்க் கைப்பேசிக்குக் கடன் நிறுவனம் கடைக்குச் செலுத்துவது, எடுத்துக்காட்டாக, 44,000 ரூபாய். வாங்குபவரிடம் பன்னிரண்டு மாதங்களில் வசூலிப்பது 48,000. இடையிலுள்ள 4,000 ரூபாய், ஆண்டுக்கு ஏறக்குறைய 16 விழுக்காடு வட்டிக்குச் சமம். அதை உற்பத்தியாளரோ கடைக்காரரோ தள்ளுபடியாக ஏற்கிறார் என்று சொல்லப்படும். ரொக்கமாக வாங்குபவர் பேரம்பேசிப் பெற்றிருக்கக்கூடிய தள்ளுபடிதான் அது. இதற்குமேல் நடைமுறைக் கட்டணம் உண்டு. தவணை நாளில் வங்கிக் கணக்கில் பணம் இல்லையேல் அபராதமும் உண்டு. தவணை தவறினால் கைப்பேசியைத் தொலைவிலிருந்தே முடக்கும் செயலியைப் பதித்துக் கொடுப்பதும் நடந்திருக்கிறது.

ஷரீஅத்தின் நோக்கில் இதை ஆராய்வோர் இருவேறு ஒப்பந்தங்களைப் பிரித்தறிதல் வேண்டும். பொருளுக்கு உரியவரே, ரொக்க விலையைவிடக் கூடுதலான ஒரு விலையைத் தவணைக்கு நிர்ணயித்து விற்பதை நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் அனுமதிக்கின்றனர். பிரிவதற்கு முன் ஏதேனும் ஒரு விலை உறுதியாகிவிடவேண்டும் என்பது நிபந்தனை. ஜித்தாவில் 1990இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் தனது 51ஆம் தீர்மானத்தில் இதை ஏற்றுக்கொண்டது. ஆனால் வட்டியை விலையிலிருந்து பிரித்துக் காலத்தோடு பிணைத்துக் காட்டுவதையும், தாமதத்திற்காகக் கடன்பட்டவரிடம் கூடுதல் தொகை பெறுவதையும் அதே தீர்மானம் தடுத்தது. நமது கடைகளில் நடப்பதோ பெரும்பாலும் இரண்டாம் வகை. கடன் நிறுவனம் கைப்பேசியை ஒரு நொடியும் தனதாக்கிக்கொள்வதில்லை. பணத்தைத் தந்து பணத்தைப் பெறுகிறது. கூடுதல் தொகையைக் கடைக்காரர் சுமப்பதால் வாங்குபவர் மீது பழியில்லை என்று வாதிடுவோரும் உளர். அவ்வாதத்தில் ஓரளவு வலு உண்டு. ஆயினும் தாமத அபராதத்தை ஏற்பதாக வாங்குபவர் இடும் கையொப்பத்தை அவ்வாதம் தொடுவதில்லை. நடைமுறைக் கட்டணத்தைப் பொறுத்தவரை, கடன் வழங்க உண்மையில் ஆகும் செலவை மட்டும் பெறலாம் என்று அதே அகாதமி 1986இல் அம்மானில் முடிவுசெய்தது. அக்கட்டணம் உண்மைச் செலவா, வேடமிட்ட வட்டியா என்பதை வாங்குபவர் அறிய வழி இருப்பதில்லை.

கைப்பேசியின் விலையைக் கண்டிக்கும் நமது உரைகள் இந்தப் பகுதியை ஏறக்குறையத் தொடாமலே போவதுதான் எனக்கு வியப்பு. அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம் விரயத்துக்கும் கருமித்தனத்துக்கும் இடைப்பட்ட நிலையைப் புகழ்கிறது. அதை அளக்க ஒவ்வொருவருடைய நிலையும் அறியப்படவேண்டும். தவணைப் பத்திரமோ அச்சிட்டபடி எல்லோருக்கும் ஒன்றே. அதைப் படித்துச் சொல்லக் கடினம் ஒன்றுமில்லை. துணிக்கடை உறவினரிடம் பின்னர் அவருடைய பத்திரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் நுண்ணெழுத்தில் இருந்த அதை அவர் படித்திருக்கவில்லை. இரண்டு மாதங்களில் தவணை நாள் தவறியதற்கு அவர் கட்டிய அபராதம், தங்கைக்கு ரமளானில் எடுத்த துணியின் விலைக்குச் சற்றுக் குறைவு.

அடுத்த மாதம் அவருடைய தந்தைக்கு ஒரு கைப்பேசி வாங்க மூவருமாகச் சென்றோம். விற்பனையாளர் வழக்கம்போல் மாதத் தொகையைச் சொன்னார். "ரொக்கமா எவ்வளவு?" என்று உறவினரே கேட்டார். விற்பனையாளர் ஒருகணம் தயங்கி, உள்ளே சென்று முதலாளியிடம் பேசிவிட்டு வந்து, அட்டையில் இருந்த விலையிலிருந்து 900 ரூபாய் குறைத்துச் சொன்னார்.